அச்சுகளின் மேல் மஞ்சள் தண்ணீர்

கும்மிடிப்பூண்டியில் நான் உலை பார்க்கும் கம்பெனி, கம்பி இழுக்கும் ஆலைகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் செய்கிறது. கறுப்புப் பொடியை கிராஃபைட் அச்சில் நிரப்பி, காற்றில்லாத உலைக்குள் வைத்து, கண் கூசும் சூட்டில் மேலிருந்து அழுத்துவோம். வெளியே வரும்போது அது எஃகையே கீறும். பொடியில் ஈரம் மட்டும் ஆகாது. அதைச் சிவப்புப் பெயின்டில் சுவரில் எழுத வைத்தவர் எங்கள் முதலாளி.

அந்த வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை உலை ஓட்டத்துக்காக நிரப்பிய அச்சுகள் தள்ளுவண்டியில் மூடி போட்டு இருந்தன. நிரப்பியவள், செவ்வாப்பேட்டையிலிருந்து பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வரும் காண்டிராக்ட் பெண். தீபாவளிக்குள் நிரந்தரம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

முதலாளி மாவிலையும் மஞ்சள் தண்ணீர்ச் சொம்புமாக வந்தார்.

"மூடியெல்லாம் எடும்மா. இதுங்களுக்கு மட்டும் பூஜை வேணாமா?"

"சார், உள்ள பவுடர் ரொப்பிக்கீது. தண்ணி படக்கூடாது."

"இது தண்ணியா? தீர்த்தம்மா. ஏன், உங்க சர்ச்சுல தெளிக்க மாட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மூடிகளை எடுத்தாள். அவர் தாராளமாகவே தெளித்தார்.

திங்கட்கிழமை ஓட்டி, ஆறவிட்டு உலையைத் திறந்தேன். துண்டுகள் அப்பளம் போல் கொப்பளித்து, அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தன. ஓர் அச்சு இரண்டாகப் பிளந்திருந்தது.

"யாரு ரொப்பினது?" என்றார் முதலாளி.

"மூடிய தொறக்கச் சொன்னதே நீங்கதான சார்," என்றாள் அவள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "பூஜையன்னிக்கு ஈரம் பட்டுதுங்க சார். அதான்."

"நீ உலைய பாரு. சாமி காரியத்த குத்தம் சொல்லிக்கினு இருக்காத."

அன்று சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். சாயங்காலமே காண்டிராக்டர் அவளை இனி வர வேண்டாம் என்றார். பொடியைச் சரியாக நிரப்பவில்லை என்று காரணம். பிறகு இரண்டு முறை முதலாளியின் அறைக்குப் போய் அவளுக்காகப் பேசினேன்; பலிக்கவில்லை. அவர் தெரியாமல் செய்துவிட்டார், சாமி பக்தி கண்ணை மறைத்துவிட்டது என்றுகூட எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த ஆயுத பூஜை புதன்கிழமை. ஐயர் வருவதற்கு முன்பே முதலாளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "ரொப்பின அச்சையெல்லாம் உள் ரூம்ல வெச்சுப் பூட்டு. தண்ணி கிண்ணி பட்டுடப் போவுது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். "தீர்த்தம்தான சார்?" என்றேன்.

அவர் சொம்பை எடுத்துக்கொண்டு வெறும் மெஷின்களின் மேல் தெளிக்கப் போனார். போன வருடமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

பூஜை முடிந்து அவர் கையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு உலைக்குத் திரும்பினேன். அதனால் அவளுக்கு வேலை திரும்ப வந்துவிடவில்லை.