தேவசகாயத்தின் வயிற்று நரம்பு

நர்ஸ் வேலையில் ஊசி குத்துவது நொடி நேரம்; அதற்கு முன்னும் பின்னும் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆயுள் கழிகிறது. பஞ்சும் ஸ்பிரிட்டுமாகக் காலம் தள்ளிய சகோதரிகளுக்கு இது புதிதல்ல. எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். கல்லூரியில் விலங்கியல் படித்தபோது தவளைக்குள் தேடி அலுத்த வேகஸ் நரம்பு, அங்கே தேவசகாயம் என்ற பட்டு நெசவாளருக்குள் இருந்துகொண்டு என்னைப் பிடித்துக்கொண்டது.

குத்தாத ஊசி

தேவசகாயம் வயிற்று வலி என்று வந்தார். கையைப் பஞ்சால் துடைத்தேன். ஊசி இன்னும் என்னிடம்தான் இருந்தது. மனிதர் வெளிறி, வியர்த்து, பெஞ்சிலிருந்து சரிந்தார். நாடியைப் பிடித்தால் ஒரு துடிப்பு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

டாக்டர் ஓடிவந்து அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தார். "பயந்தா இந்த வேகஸ் நரம்பு இதயத்தோட கடிவாளத்தை இழுத்துடும்மா. அதே நரம்புதான் கீழ போய் வயித்துல அமிலத்தையும் சுரக்க வைக்குது" என்றார். கண் திறந்த தேவசகாயம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வலிக்கவே இல்லீங்க சிஸ்டரம்மா, உங்க கை நல்ல கை."

கறுப்பு ஊடை

அடுத்த மாதம் மனைவி எஸ்தரோடு வந்தார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், ரத்தமே இல்லை. மலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். பதினைந்து நாளாகத் தார்போலக் கறுப்பாக என்றார், மழை பெய்ததைச் சொல்வதுபோல. வயிற்றுப் புண்ணிலிருந்து கசியும் ரத்தம் குடலில் இறங்கும்போது அப்படித்தான் கறுத்துவிடும். ஏன் முன்பே வரவில்லை என்று கத்திவிட்டேன்.

"தறியில கறுப்பு ஊடை நூலு ஓட்டிகினு இருக்கேனுங்க. அந்தத் தூசுதான் உள்ள போயி வெளிய வருதுன்னு இருந்துட்டேன்."

எஸ்தரின் சம்மதம்

வேலூருக்குப் போய், வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் அமிலம் குறையும், புண் ஆறும் என்றார் டாக்டர். எஸ்தர் முடியாது என்றாள். நரம்பை அறுத்தால் கை விளங்காது, தறிக்குழியில் யார் குந்துவது என்று அழுதாள். அந்த நரம்பு கைக்கே போவதில்லை என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். படத்தை அவள் நம்பவில்லை.

அப்போதுதான் தேவசகாயம் குனிந்து வாந்தியெடுத்தார். நான் நீட்டிய பேசின் முழுக்க ரத்தம். எஸ்தர் அதைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"அறுக்கச் சொல்லுங்க. கை போனா போவட்டும், தறியில நான் குந்திக்கிறேன். ஜல்தியா ஒரு காரைக் கூப்புடுங்க."

முடிச்சு

பிழைத்துத் திரும்பினார். தையல் பிரிக்க என்னிடம் வந்தபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அறுத்த நரம்பைத் திரும்பச் சேர்த்தார்களா என்று கேட்டார். இல்லை, சேர்த்தால் புண் திரும்ப வரும் என்றேன். சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஓர் அதிர்ச்சி.

"ஒரு இழை அறுந்தாக்கூட முடிச்சுப் போடாம நாங்க தறிய வுட்டு எழுந்திருக்க மாட்டோம் சிஸ்டரம்மா. அவ்ளோ படிச்சவங்க, அறுத்துட்டு அப்படியே வுட்டுட்டு எழுந்து போயிட்டாங்களா?"

அதன்பிறகு அவர் எத்தனையோ புடவை நெய்தார். நரம்பை அறுத்த வேலூர் டாக்டருக்குத் தேவசகாயம் வீட்டு ஜெபத்தில் தினமும் ஸ்தோத்திரம், முடிச்சுப் போடாத பழி மட்டும் தையல் பிரித்த எனக்கு.