அதிகாரி கேட்டால்

மேற்கு ஜெர்மனியின் புதிய ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது குதிகாலைத் தட்டி விறைத்து நின்றால் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். கசாப்புக்கடை ஒட்டீலிக்கு அவள் மைத்துனன் சொன்னது. அவள் அதைத் தொத்திறைச்சியோடு சேர்த்து எர்னாவிடம் கட்டிக் கொடுத்தாள்.

"பழைய ஆளுங்க வேணுமாம், பழைய புத்தி வேணாமாம். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வை."

எர்னா சொல்லாமலே இருந்திருக்கலாம். அவளுடைய தம்பிகள் இருவரும் போரில் மாண்டவர்கள். கணவன் அல்வின் ரஷ்யச் சிறைமுகாமிலிருந்து பாதி ஆளாகத்தான் திரும்பினான். ஆனால் செங்கல் சூளை மூடியதிலிருந்து அவன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சொல்லிவிட்டாள்.

அல்வின் சமையலறையில் ஒத்திகை பார்த்தான். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன.

"மறுபடி தட்டிட்ட."

"சண்டை முடிஞ்சுபோச்சுன்னு காலுக்கு யாரு போய்ச் சொல்றது?"

"நடுவுல உருளைக்கிழங்கு வைக்கிறேன். நசுக்கினா ராத்திரிச் சாப்பாடு அதுதான்."

வெகுநாள் கழித்து இருவரும் சிரித்தார்கள்.

கோப்லென்ஸ் நகருக்குப் போய் ராணுவத் தேர்வுக் குழுவைப் பார்த்துவிட்டு வந்தவன் சூப்பைத் தொடவில்லை.

"தட்டிட்டியா?"

"இல்ல. எந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சதை நெனச்சு இப்போ வருத்தப்படுறேன்னு ஒரு அதிகாரி கேட்டார். ஒரு கிராமம், எர்னா. நல்ல பனி. கொளுத்துன்னாங்க, கொளுத்தினோம். உள்ள ஆளுங்க இருந்தாங்க. அதைச் சொன்னேன்."

எர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் தூக்கத்தில் அலறிய இரவுகளில் எல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"என்கிட்ட சொல்லலையே."

"கேட்டது அதிகாரி," என்றான், இதுகூடவா புரியவில்லை என்பது போல. "சொல்லாம எப்படி?"

"நாளைக்கு இன்னொரு அதிகாரி கொளுத்துன்னா?"

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்ட அதிகாரி எழுந்து கைகொடுத்ததாகச் சொன்னான். முடிவைத் தொலைபேசியில் சொல்வார்களாம். வீட்டில் தொலைபேசி இல்லை. எர்னா சமையல் செய்யும் மதுக்கடையின் எண்ணைக் கொடுத்திருந்தான்.

புதன்கிழமை முற்பகலில் மணி அடித்தது.

"எர்னா, எடு," என்று நிலவறையிலிருந்து முதலாளி கத்தினார். "கோப்லென்ஸாத்தான் இருக்கும். உன் புருஷனுக்கு யோகம்தான் போ."

எர்னா கை மாவைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியின் எதிரே போய் நின்றாள். அவர் மனசு மாறிட்டார், வரமாட்டார் என்று அவளே சொல்லிவிடலாம். நம்பிவிடுவார்கள். உன்னை எடுக்கலையாம் என்றால் அவனும் ஏன் என்று கேட்கமாட்டான். அதிகாரிகளின் முடிவு என்றால் அவனுக்கு அதோடு சரி.

மணி அடித்துக்கொண்டிருந்தது.