மூடாத கடையை மூடியவள்

அலுவலகத்தில் அவளுக்கு மின்னல் என்று பெயர். கம்ப்யூட்டருக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்கும் வேலை. அது இணையத்தில் கண்டதையும் படித்துவிட்டு, தனக்குப் புரிந்ததை ஒவ்வொரு வரியாகத் திரையில் நீட்டும். 'இந்தப் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. சரியா, தவறா?' இவள் பட்டனைத் தட்டவேண்டும். மூன்று இணையதளங்கள் ஒரே மாதிரி சொன்னால், திறந்தே பார்க்காமல் 'சரி' போடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் மின்னல் என்ற பெயர் நிலைக்குமா?

அப்படித்தான், 'மூடப்பட்டுவிட்டது' என்று வந்த வரிக்குச் 'சரி' தட்டி, ஒரு டயர் கடையை மூடினாள். அது அக்கா புருஷனின் கடை என்று அவளுக்கு உறைக்கவில்லை. பலகையில் ஏதோ பெரிய பெயராக எழுதியிருந்தது. வீட்டில் யார் அதைச் சொன்னார்கள்? பட்டறை, பட்டறை என்றே எல்லோருக்கும் வாய் பழகிவிட்டது.

கூரை வேலைக்காகக் கடை சில நாள் பூட்டிக் கிடந்தபோது, எவனோ ஒருத்தன் ஒரு தளத்தில் 'மூடிவிட்டார்கள்' என்று எழுதிவைத்திருக்கிறான். மற்ற இரண்டு தளங்களும் அதைப் பார்த்துக் காப்பியடித்தவை. அத்தான் வீட்டுக்கு வந்து புலம்பியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

"வழியில வண்டி நின்னுபோறவங்கதான் நமக்குச் சோறு போடுறவங்க. அவங்க போன்ல கேட்டா கடை மூடியாச்சுன்னு சொல்லுதாம். நான் உள்ளதான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்!"

"எந்தப் படுபாவி செஞ்சானோ," என்றாள் அக்கா. "ஏண்டி, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற? சரிபண்ண முடியாதா?"

அத்தான் பலகைப் பெயரைச் சொன்னதும், தான் 'சரி' தட்டிய வரி அவளுக்கு நினைவுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். "பாக்குறேன் அத்தான்," என்றாள், ஒன்றும் தெரியாத நல்ல பிள்ளையாக.

மறுநாளே 'தவறு' என்று தட்டினாள். கம்ப்யூட்டர் அசையவில்லை. அது சொன்னதைப் பார்த்து எழுதிய ஊர்ப்பட்ட தளங்கள் இப்போது 'மூடப்பட்டது' என்றன. அவற்றையே படித்துவிட்டு அது இன்னும் உறுதியாக நம்பியது. தான் சொன்னதைத் தானே கேட்டுத் தலையாட்டுகிற மாணவனுக்கு யார் பாடம் நடத்துவது? மேலாளரிடம் போய் நின்றாள்.

"இத்தனை பேர் சொல்றாங்க, நீங்க ஒருத்தர் இல்லைங்கிறீங்க. சரி, முதல்ல யார் 'சரி' போட்டதுன்னு எடுத்துப் பாத்துடலாமா?"

"வேண்டாம் சார்," என்று திரும்பி வந்துவிட்டாள். வேலை போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்தை நினைத்து அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

கடைசியில், வண்டிகள் வராமல் அத்தான் பட்டறையைக் காலி செய்த அன்று சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். "எங்களுக்காக அலைஞ்சவ இவ ஒருத்திதான்," என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னதும் அவளால் தாங்க முடியவில்லை.

"அத்தான், மூடியாச்சுன்னு தட்டுனதே நான்தான்."

அவர் சிரித்துவிட்டார். "பாருங்க, மனசு கேக்காம பழியத் தன் தலைல போட்டுக்குறா."

அக்கா அவளை இழுத்து அணைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாதடி. நீ என்ன பண்ணுவ?"

அவள் இன்னொரு தடவை சொல்லவில்லை.