சின்னம்மா தைத்த ஏரி

எங்கள் சின்னம்மாவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. பட்டன் தைக்கச் சொன்னால் ஊசியைத் தொலைத்துவிட்டு எங்களைத் தேடவிடுவாள். அப்படிப்பட்டவள், சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு எங்கள் பாகாலா வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, பழைய புடவைகளை அடுக்கிவைத்துப் போர்வை தைக்க உட்கார்ந்தாள். பிள்ளையைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கக்கூடாது என்று எங்களுக்கு மட்டும்தான் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று சின்னம்மா கேட்கும்போதெல்லாம் பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

போர்வையில் அவள் தைத்தது எங்கள் ஊர் ஏரியை. வயிற்றில் பிள்ளை இருந்தபோது சாயங்காலம் தவறாமல் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்தக் கரையில்தான் நடப்பாள். இப்போது பிள்ளை பெற்ற உடம்பு வாசல் தாண்டக்கூடாது என்று அம்மா தடுத்துவிட்டதால், அவளுக்குப் பதில் நான் போய்ப் பார்த்துவந்து சொல்லவேண்டும். என் பழைய யூனிபார்ம்தான் தண்ணீர். நைனாவின் லுங்கியில் கரை முளைத்தது. புங்கமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பாறையின் நிழல் எங்கே விழுகிறது என்று கேட்டுக் கேட்டுத் தைப்பாள். தப்பாகச் சொன்னால் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி அனுப்புவாள். அந்த வயதில் இவ்வளவு பெரிய உத்தியோகம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் போர்வை வளர வளரப் பயமும் வந்தது. கட்டிலில் அது விரிந்து கிடந்தால் மேலே ஏறமாட்டேன். கால் நனைந்துவிடும் என்று தோன்றும்.

ஒருநாள், கரையில் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

“புங்கமரத்தாண்ட முள்ளு வெட்டிப் போட்டு, மேல கல்லு வெச்சிகீறாங்க சின்னம்மா.”

“எம்மாம் நீளத்துக்கு?”

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். என் கைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, ஞானஸ்நானத்துக்கென்று முன்கூட்டியே தைக்கக் கொடுத்து வாங்கியிருந்த, ஓரத்தில் லேஸ் வைத்த வெள்ளைச் சட்டையை எடுத்தாள். அதை அந்த நீளத்துக்கே மடித்துப் புங்கமரத்தடியில் வைத்துத் தைத்தாள். அழுவாளோ என்று பார்த்தேன், அழவில்லை.

ஞானஸ்நானம் வாங்காமல் போன பிள்ளைக்குச் சபைக் கல்லறையில் இடம் கிடையாது. அவளுக்குப் பிடித்த இடமாயிற்றே என்று நைனாவும் சித்தப்பாவும் ஏரிக்கரையில் புதைத்திருக்கிறார்கள். தெரிந்தால் அங்கேயே போய்க் கிடப்பாள் என்று பயந்து, இடத்தை மட்டும் மறைத்துவிட்டார்கள். நாய் தோண்டாமலிருக்கத்தான் அந்த முள். இதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு சின்னம்மா மரத்தைப் பற்றியோ பாறையைப் பற்றியோ கேட்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று மட்டும் கேட்பாள். பாறை முழுகிவிட்டது, அடுத்தது புங்கமரம்தான் என்று நான் குஷியாக வந்து சொன்ன அன்று அவள் சோறு தின்னவில்லை.

ஒரு மத்தியானம், மழை பலமாக இருந்ததால் என்னை வெளியே விடவில்லை. சின்னம்மா போர்வைமேல் குப்புறப் படுத்து, அந்த வெள்ளைத் துணியில் காது வைத்திருந்தாள். என்னையும் கூப்பிட்டாள். நனைந்துவிடுவேனோ என்று பயம்தான். ஆனாலும் பக்கத்தில் படுத்துக் காதை வைத்தேன்.

“இன்னா கேக்குது?”

சத்தியமாக ஒரு சத்தம் கேட்டது. வெளியே பெய்த மழையா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை என்னால் சொல்லமுடியவில்லை.

“தண்ணி,” என்றேன்.

சின்னம்மா எழுந்தாள். போர்வையைச் சுருட்டி இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டினாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா அவளைத் தடுக்க எழுந்தாள். சுருட்டலுக்கு வெளியே தொங்கிய அந்தச் சட்டையின் வெள்ளை லேசைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தைத்தது சரியாக இருக்கிறதா என்று ஏரியோடு ஒத்துப் பார்க்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு பாடுபட்டுத் தைத்தது நனைந்துவிடுமே என்ற கவலையில், குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.