கப்பலை நிறுத்தி வைத்த பாபின் கேஸ்

ஒரு போர்க்கப்பலின் ஓய்வைத் தடுத்து நிறுத்த நான் ஒருமுறை முயன்றேன். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சதியில் எனக்குப் பங்குண்டு என்பது இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும். பரவாயில்லை, இப்போது நான் மேடவாக்கத்தில் தனி வீட்டில் இருக்கிறேன், கரண்டி எறிந்தால் எட்டாது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அந்தக் கப்பலில் வேலை பார்த்தார். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவர். கப்பலில் அவருக்குக் கொடி வேலை. நடுக்கடலில் ஒரு கப்பல் இன்னொன்றிடம் சேதி சொல்லக் கொடிகளை ஏற்றும், அந்தக் கொடிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. கப்பலை 'அவ' என்றுதான் சொல்வார். அவளுக்கு முப்பத்து மூன்று வயது என்றும், மாமாவுக்குப் பெண் பார்க்கும் போதெல்லாம் அவள்தான் குறுக்கே நிற்கிறாள் என்றும் அம்மா அலுத்துக்கொள்வாள்.

என்னைக் கப்பலில் ஏற்றிக் காட்டுவதாக மாமா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குடும்பத்தாரைக் கப்பலுக்குள் விடும் நாள் என்று வருடத்துக்கு ஒன்று உண்டு. முதல் வருடம் எனக்கு அம்மை போட்டது. அடுத்த வருடம் கப்பல் எங்கேயோ போய்விட்டது. மூன்றாம் வருடம் எனக்குப் பரீட்சை. இதற்கிடையில், கப்பலின் ஹாரனை நான்தான் அடிக்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பக்கத்து பெஞ்சுக்காரி மட்டும் நம்பவில்லை. அவளுக்காகவாவது நான் கப்பலில் ஏறியே தீர வேண்டும்.

அந்த நிலைமையில்தான் மாமா விசாகப்பட்டினத்திலிருந்து பத்து நாள் லீவில் வந்தார். கையில் ஒரு மூட்டை வெள்ளைத் துணி. கப்பல் ஓய்வு பெறப் போகிறதாம். ஓய்வு பெறும் கப்பல் கடைசியாக ஒரு நீளக் கொடியைப் பறக்கவிட வேண்டும் என்பது வழக்கமாம். அகலம் ஒரு சாண்தான், நீளமோ கப்பலின் நீளம். நீலச் சக்கரம் வைத்த தலைப்பகுதியைக் கப்பலிலேயே தைத்துவிட்டார்கள். மிச்சத்தைத் தன் அக்கா தைப்பாள் என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அம்மா சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாக நல்ல நாகரிகமாகப் பேசுவாள். தம்பி வந்தால் மட்டும் பேச்சு நேரே கடற்கரைக்குப் போய்விடும்.

"இன்னாடா இது, கொடியா, இல்ல ஊரையே சுத்திக் கட்டப் போறியா?" என்றாள். ஆனாலும் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டாள். சீருடைப் பாவாடைகள் மூலைக்குப் போயின.

மூன்றாம் நாள் காலை, இட்லிக்கு நடுவில் நான் மாமாவைக் கேட்டேன். "இந்தக் கொடி இல்லன்னா என்ன ஆகும் மாமா?"

"கொடி இல்லாம அவளை எப்படி அனுப்பறது? ஏத்தணும், சாயங்காலம் எறக்கணும், அப்பதான் முடியும்" என்றார்.

எனக்கு அது போதும். கொடி இல்லாவிட்டால் ஓய்வு இல்லை. ஓய்வு இல்லாவிட்டால் அடுத்த வருடமும் குடும்ப நாள் வரும், எனக்கு ஹாரன் கிடைக்கும். கணக்குப் பாடத்தில்கூட நான் இவ்வளவு சுத்தமாக விடை கண்டதில்லை.

அம்மா குளிக்கப் போன நேரம், தையல் மெஷினின் பாபின் கேஸைக் கழற்றினேன். கீழ்நூல் சுற்றிய உருளை உட்காரும் சின்ன எஃகுக் கூடு அது. அது இல்லாமல் மெஷின் ஒரு தையல் போடாது. எங்கள் மெஷின் அம்மாவுக்குக் கல்யாணமான போதே கிழம், புதுப் பாகம் எதுவும் அதற்கு லேசில் பொருந்தாது. கூட்டை எடுத்துப்போய் அரிசி டிரம்மில் முழங்கை வரை விட்டுப் புதைத்தேன். அன்றைய சோறு ஏற்கெனவே வடித்தாகிவிட்டது. மறுநாளும் அம்மா அரிசி எடுப்பாள் என்பது என் திட்டத்தில் இல்லை.

வீடு தலைகீழானது. அம்மா பாயை உதறினாள், என் பள்ளிப் பையையும் கொட்டிப் பார்த்தாள். அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, தான் அதைச் சாப்பிடவில்லை என்று அறிவித்தார். மாமாதான் நிதானமாக எழுந்து, தாம்பரம் போய்ப் புதிது வாங்கி வருவதாகச் சொன்னார். வாங்கியும் வந்தார். அது மெஷினுக்குள் நுழையவே இல்லை. மறுநாள் மறுபடி போனார், இன்னும் பெரிதாக ஒன்று வாங்கி வந்தார்.

"நாப்பது கொடியைக் கண்ண மூடிகினு எடுப்பேன்னு பீத்திக்கிற. ஒரு பாபின் கேஸ் பாத்து வாங்கத் தெரில" என்றாள் அம்மா.

"எல்லாம் ஒரே மாதிரி கீதுக்கா" என்றார் மாமா, மிகவும் வருத்தமாக.

அன்று மதியம் அம்மா கையால் தைக்க ஆரம்பித்தாள். ஒரு கப்பல் நீளத்துக்குக் கைத்தையல். தம்பி கேப்டன் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். சாயங்காலத்துக்குள் அவள் விரல் இரண்டு இடத்தில் குத்துப்பட்டிருந்தது. வெள்ளைத் துணியில் ரத்தம் படக்கூடாதென்று விரலை வாயில் வைத்துக்கொண்டே தைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹாரனும் வேண்டாம், பக்கத்து பெஞ்சுக்காரி சிரித்தாலும் சிரித்துக்கொள்ளட்டும் என்று அரிசி டிரம்முக்கு ஓடினேன்.

கூடு அங்கே இல்லை. தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். அடித் தகரம்தான் கையில் பட்டது. அப்போது மாமா தண்ணீர் குடிக்க வந்தார்.

"அரிசில இன்னாமா தேடுற?"

"புழு" என்றேன்.

"கெடச்சுதா?"

"இல்ல மாமா."

அவர் என் தலைமுடியில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டார். "கெடைக்கும். காலைல கெடைக்கும்" என்றார். தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

காலையில் மெஷின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் இருந்தது. உள்ளே பாபின் கேஸ். பொட்டலத்தின் வாயில் நூலால் ஒரு முடிச்சு, அம்மா எவ்வளவு முயன்றும் அவிழவில்லை. மாமா கருவாட்டுப் பையையும் என் ஷூ நாடாவையும் அப்படித்தான் கட்டுவார்.

"எலி கொண்டாந்து வெச்சிருக்கும்" என்றார் மாமா.

"எலி முடிச்சுகூடப் போடுமா?" என்றார் அப்பா.

"சேலையூர் எலி மச்சான். படிச்ச எலி" என்றார் மாமா.

அம்மா தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கத்தரிக்கோலால் நூலை வெட்டிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். என்னைக் காப்பாற்ற மாமா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது.

லீவின் கடைசி நாள் கொடி முடிந்தது. நீளம் சரிபார்க்கத் தெருவில் விரித்தோம். கப்பல் எங்கள் தெருவைவிட நீளம். எதிர்வீட்டு அக்கா, இஸ்திரி வண்டிக்காரர் என்று வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு இடத்தில் தரையில் படாமல் பிடித்துக்கொள்ள, கொடி தெருமுனையில் திரும்பிப் பிள்ளையார் கோயில் வரை போயிற்று. வால் என் கையில். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"இன்னாமா, ரோட்டுல துணி காயப் போட்டுகினு கீறீங்க?" என்றார் டிரைவர்.

"கப்பல்ணா. ரிட்டயர் ஆவுது" என்றேன்.

"எத்தினி வருசம் ஓடுச்சு?"

"முப்பத்தி மூணு."

அவர் இன்ஜினை நிறுத்தினார். "நம்ம லாரிக்குப் பதினஞ்சு வருசத்துலயே எஃப்.சி. தர மாட்டேன்றான்" என்று சொல்லியபடி இறங்கி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தொய்ந்திருந்த ஓரிடத்தைப் பிடித்தார். அந்த முனைக்கும் இந்த முனைக்கும் மாமா அடியெண்ணி நடந்தார். சரியாக இருந்தது. இருந்தும் இன்னொரு தடவை நடந்தார். பிறகு கொடியைச் சுருட்டச் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். டிரைவர்கூட அவசரப்படுத்தவில்லை. கடைசியில் லாரிக்குள் ஏறி ஹாரனை நான் ஒருமுறை அடித்துக்கொள்ள அனுமதித்தார். பள்ளியில் அதைக் கப்பல் ஹாரன் என்றே சொன்னேன். பக்கத்து பெஞ்சுக்காரி சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டாள், செய்தும் காட்டினேன்.

விழாவுக்கு நாங்கள் போகவில்லை, எனக்கு முழுப் பரீட்சை. மாமா அனுப்பிய போட்டோவில் அம்மா தைத்த கொடி, கப்பலின் உச்சியிலிருந்து நீண்டு, பின்பக்கத்தையும் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பலைப் பிறகு உடைத்துவிட்டார்கள். மாமாவும் வேறு கப்பலுக்குப் போய், சில வருடத்தில் வெளியே வந்தார். இப்போது செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் மனைவி, மகளோடு இருக்கிறார்.

கடற்படையில் கப்பல் போனாலும் பெயர் போகாது, புதிதாக வரும் ஒன்றுக்கு வைத்துவிடுவார்கள். போன மாதம் அதே பெயரில் ஒரு புதுக் கப்பல் சேவைக்கு வந்தது. மாமா அந்த வீடியோவைப் போனில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், இத்தனை வருடம் சொல்லாத நன்றியை அப்போது சொன்னேன்.

"அன்னைக்கு என்னை அம்மாகிட்ட மாட்டாமக் காப்பாத்தினீங்களே மாமா."

"உன்னையா?" என்றார். "நீ அதை அரிசில போடறதைப் பாத்தேன். அடச்சே, நமக்கு இது தோணலியேன்னுதான் நெனச்சேன். மறுநா காலைல உங்கம்மா அரிசி எடுப்பா, கண்டுபுடிச்சிடுவான்னு உடனே எடுத்து என் பொட்டில போட்டுகினேன்."

போனைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார். "ரெண்டு நாள் நின்னாளே. அது போதும்" என்றார்.

அவள் போகக் கூடாது என்று அந்த வீட்டில் நான் ஒருத்திதான் நினைத்தேன் என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன்.