வளையம், ரப்பர், கறுப்பு

இதை எழுதவே வேண்டாம் என்று விட்டிருந்தேன். பிளஸ் டூவில் இரண்டு பேப்பர் இன்னும் எழுதாமல் கிடக்கிறது. அதையே எழுதாதவன் இதை எழுதி என்ன கிழிக்கப் போகிறான் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். உண்மையில் பயம்தான். எழுதினால் நான் செய்ததை நானே படிக்கிற மாதிரி ஆகிவிடும்.

காட்டூரில் ஒரு மாடி ஆபீஸில் எனக்கு வேலை. ராணுவக் கிடங்குகளில் இருந்து பழைய அட்டைகள் சாக்குச் சாக்காக வரும். சாமானுக்கு ஓர் அட்டை. மசி மங்கியிருக்கும், ஓரத்தை எலி கடித்திருக்கும். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முதல் நாளே பொறுப்பாளர் மேடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் ஒரே போல்ட்டுக்குக் கிடங்குக்கு ஒரு பெயர், ஒரு நம்பர். ஓர் ஊரில் பெட்டி பெட்டியாகக் குவிந்து கிடக்கும். இன்னோர் ஊரில் அது இல்லையென்று லாரியை ஓரங்கட்டி வைத்திருப்பார்கள். அதனால்தான் ஒரு சாமானுக்கு ஒரே நம்பர், பதிமூன்று இலக்கம் என்று ஏற்பாடு வந்தது. இரண்டு அட்டையும் ஒரே சாமான்தான் என்று தெரிந்தால் ஒரு நம்பரில் இணைத்துவிட வேண்டும்.

"சந்தேகமா இருந்தா இணைக்காதீங்க. டிராயிங்கை எடுத்துப் பாருங்க," என்றார்.

டிராயிங் இருந்தது கீழே, பீரோவில். மாடிப்படி இருபத்திரண்டு. எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பக்கத்து நாற்காலி என் கூட்டாளி. திருவெறும்பூர்க்காரன். அவனுக்கு மட்டும் எல்லாவற்றிலும் சந்தேகம். நான் நாற்பது அட்டை முடிக்கும்போது அவன் பன்னிரண்டில் நிற்பான். கேட்டலாக்கில் பெயரைத் திருப்பித்தான் எழுதுவார்கள்: முதலில் பொருள், பிறகு வகை, பிறகு நிறம். அதற்குப் பதிலாக வேறொன்றைப் போடலாமா என்பதற்குக் கடைசிக் கட்டத்தில் 'மாற்று உண்டு' அல்லது 'மாற்று இல்லை'. நாங்கள் அதிலேயே ஒருத்தனை ஒருத்தன் ஓட்டுவோம்.

"ஆமை, திருவெறும்பூர், கறுப்பு. மாற்று உண்டு," என்பேன்.

"வாய், ஸ்ரீரங்கம், பெருசு. மாற்று தேவையே இல்லை," என்பான்.

ஒருநாள் என் கையில் இரண்டு ரப்பர் வளையங்களின் அட்டைகள். உள்ளளவு, வெளியளவு, தடிமன், மூன்றும் ஒன்று. ஒன்றின் ஓரத்தில் மட்டும் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருந்தது. படிவத்தில் பென்சிலுக்கென்று கட்டம் கிடையாது.

அவன் எட்டிப் பார்த்தான். "டேய், ஆயில்னு ஏதோ எழுதியிருக்குடா. கீழ போய் டிராயிங்கைப் பாரு."

"வளையம், ரப்பர், கறுப்பு. ரெண்டும் உன் மூஞ்சி மாதிரியே இருக்கு. இதுல என்னத்தைப் பாக்குறது?"

"சரி, நான் போய் எடுத்துட்டு வரேன்."

அவன் எழுந்திருப்பதற்குள் இணைத்துவிட்டேன். அவனை எழுப்பி உட்கார வைப்பதில் ஒரு சந்தோஷம். அவனும் சிரித்தான்.

அப்புறம் அவன் தன் வீட்டுப் பக்கமே ஒரு பட்டறையில் சேர்ந்தான். அதே ராணுவக் கிடங்குகளுக்குப் பம்பு பழுது பார்க்கிற இடம். பம்பைக் கழற்றி, வளையம் மாற்றி, எண்ணெய் ஏற்றி, அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது அவன் வேலை. "இங்கயாவது உன் மூஞ்சி இல்ல," என்று முதல் நாள் மெசேஜ் அனுப்பினான்.

போன ஆடியில் சோதனையின்போது வளையம் பிய்ந்து எண்ணெய் பீய்ச்சியடித்தது. வலது உள்ளங்கையில் ஊசி குத்தினது மாதிரி ஒரே ஒரு புள்ளி. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. துடைத்துவிட்டு மீதி வேலையை முடித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறான். காலையில் கை வீங்கிக் கறுத்துவிட்டது. உள்ளே போன எண்ணெய் சதையை அரித்துக்கொண்டே போயிருக்கிறது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது அவன் கையைப் பற்றிப் பேசவில்லை.

"பட்டறையில நான்தான் வளையத்தைத் தப்பா மாத்திப் போட்டுட்டேங்கிறாங்கடா. என் அஜாக்கிரதைன்னு எழுதி, கையெழுத்துக்குப் பேப்பர் கொண்டு வந்தாங்க. கையெழுத்துப் போட எந்தக் கை இருக்குன்னு கேட்டேன், போயிட்டாங்க. திரும்ப வருவாங்க." போனை இடது கையால் தடவி ஒரு படத்தைக் காட்டினான். வளையம் வந்த உறையின் லேபிள். "நம்பர் பாத்துத்தான் போட்டேன். இது என்ன வளையம்னு உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு."

மறுநாள் பார்த்தேன். ஒரே நம்பருக்குக் கீழே இரண்டு பழைய அட்டைகள். இணைத்தவர் என்ற இடத்தில் என் ஊழியர் எண். சாக்கைத் தேடி அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பென்சில் எழுத்து தெளிவாகவே இருந்தது: தண்ணீருக்கு மட்டும், ஆயிலுக்கு ஆகாது.

கீழே இறங்கி டிராயிங்கையும் பார்த்தேன். இருபத்திரண்டு படிதான்.

மேடத்திடம் அட்டையை நீட்டினேன். படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"நம்பரை இப்பவே பிரிச்சிடலாம். ஆனா ஏற்கனவே எத்தனை கிடங்குக்குப் போயிருக்கோ... எல்லாத்துக்கும் லெட்டர் போடணும். நீங்கதான் இணைச்சதுன்னு எழுதித் தர்றீங்களா? தந்தா உங்க வேலை போயிடும் தம்பி."

"எழுதித் தரேன் மேடம். பட்டறைக்கும் ஒரு காப்பி வேணும்."

எழுதிக் கொடுத்து, நாற்காலியைக் காலி பண்ணிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். அவனிடம் நேரில் போய்ச் சொல்ல தைரியம் இல்லை. காவேரிப் பாலம் தாண்டும்போது, ஆபீஸிலேயே எடுத்து வைத்திருந்த அட்டையின் படத்தை அனுப்பி, கீழே எழுதினேன்: "அன்னைக்கு நீ பாக்கச் சொன்ன வளையம்தான்டா. இணைச்சது நான். உன் மேல தப்பு இல்லன்னு பட்டறைக்கு எழுதிக் கொடுத்துட்டேன். எந்தப் பேப்பர்லயும் கைநாட்டு வச்சிடாதே."

பார்த்துவிட்டான். இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறான் போல; நான் அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்கி நின்ற பிறகுதான் பதில் வந்தது.

"கை, வலது. மாற்று இல்லை."