அரிய ஆந்தைக்கு ஓர் அஞ்சலி பேனர்

அம்மாவின் பெயர் அபிதகுஜாம்பாள். தாம்பரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். பறவை நேசர் எல்லாம் இல்லை. சமையலறை ஜன்னலுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரப் பொந்தில், ஒரு ஜோடி புள்ளி ஆந்தைகள் குடியிருந்தன. சாயங்காலமானால் அவை கத்தும். அம்மா பதிலுக்குத் திட்டுவாள். அவ்வளவுதான் உறவு.

எங்கள் சேலையூர் காலனியின் சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தருக்கு அந்தச் சத்தம் அபசகுனம். அதைச் சொல்ல வெட்கம். அதனால், மரத்தின் பாதுகாப்புக்காகப் பொந்தைச் சிமென்ட் வைத்து அடைக்கப் போவதாக அறிவித்தார். அம்மா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவர் செல்போனில், அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் சிவப்புப் பட்டியலைக் காட்டினார். "மேடம், இது லீஸ்ட் கன்சர்ன். கவலையே பட வேண்டாம், எங்க பார்த்தாலும் இருக்கு. இதோட சொந்தம் ஒண்ணு மத்திய இந்தியாவுல இருக்கு, காட்டு ஆந்தை. அதுதான் அழியப்போற இனம். அது வந்தா நானே காவல் இருப்பேன்."

"ரிட்டயர் ஆன விதவைங்களும் எங்க பார்த்தாலும்தான் இருக்கோம், ஷ்யாம். எங்களையும் சிமென்ட் வெச்சு அடைச்சுடுவீங்களா?"

கொத்தனார் சிரித்துவிட்டார். சிமென்ட் திரும்பிப் போனது. 'அந்தம்மா ஒரே பேஜார்' என்று சங்கத்தில் பேச்சு.

போன மாதம் அம்மா இறந்தாள். காரியம் முடிவதற்குள் சங்கம் பேனர் கட்டியது. கண்ணீர் அஞ்சலி. பறவைகளின் தாய். அம்மா படத்துக்குப் பக்கத்தில் இணையத்திலிருந்து இறக்கிய ஓர் ஆந்தை. எங்கள் ஆந்தைக்குத் தலை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். இதற்கு உச்சியில் புள்ளி இல்லாத மாதிரிதான். மார்பு அடர் பழுப்பு. காட்டு ஆந்தை. தமிழ்நாட்டில் இல்லாத பறவை. நூறு வருடங்களுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், அழிந்தேவிட்டது என்று நினைத்த பிறகு கண்டுபிடித்தார்கள். காணாமல் போனால்தான் இங்கே மரியாதை. அம்மாவுக்கும் அப்படித்தான் கிடைத்தது.

பேனரைக் கட்டியது அதே மரத்தில், பொந்தின் வாயை மூடி. உள்ளே குஞ்சுகள். பெரியவை இரண்டும் மின்கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. கத்தியோடு ஏணியில் ஏறினேன்.

ஷ்யாம்சுந்தர் ஓடி வந்தார். "ஸ்ம்ருதி, அம்மா போட்டோம்மா! கிழிக்கலாமா?"

"அம்மா அப்படியேதான் இருக்கா, சார். அழியப்போற இனத்தை மட்டும் வெட்டறேன்."

காட்டு ஆந்தை இருந்த இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. அதற்குப் பின்னால் பொந்து. நான் இறங்கியதும் புள்ளி ஆந்தை ஒன்று வாயில் கரப்பான்பூச்சியோடு, அம்மாவின் காதோரமாக உள்ளே போனது.

ஷ்யாம்சுந்தர் அதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்காகப் படம் எடுத்தார்.